இசை நாடக விழாவில் எந்தப் புதிய படைப்பைப் பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

இசை நாடக விழாவுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்து, படம் நன்றாக இருப்பது, விஷயம் பிடித்திருப்பது, தெரிந்த நடிகர் பெயர் இருப்பது என்று டிக் அடித்துக்கொண்டே போவார்கள். அன்றைக்கே டிக்கெட்டும் எடுத்துவிடுவார்கள். விழாவின் இரண்டாம் நாளே புலம்பல் ஆரம்பிக்கும். "நாடகம்னு நினைச்சுப் போனேன், பேப்பரைப் பார்த்துப் படிச்சாங்க." "பாதிக் கதையிலேயே முடிச்சிட்டாங்க." "அடுத்த அரங்குக்கு ஓடிப் போனேன், கதவைச் சாத்திட்டாங்க."

இவற்றில் நாடகத்தின் குறை கொஞ்சம்தான். தேர்ந்தெடுத்த வரிசையில்தான் பிழை. புதிய படைப்புக்கு விமர்சனம் இருக்காது, முழு ஆல்பம் இருக்காது, ஏற்கெனவே பார்த்தவர்களும் அநேகமாக இருக்க மாட்டார்கள். கையில் கிடைப்பது ஒரு பத்தி கதைச்சுருக்கம், இரண்டு மூன்று மாதிரிப் பாடல்கள், சில பெயர்கள். அந்தக் கொஞ்சத்தை வைத்து முடிவெடுக்க வேண்டுமென்றால் முதலில் வடிவத்தைப் பார்க்க வேண்டும், பிறகு எழுத்தைக் கேட்க வேண்டும், நேரத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

## தொடங்கும் முன்: கையில் இருக்க வேண்டியவை

விழாவின் முழு நிகழ்ச்சிப் பட்டியல், ஒரு நல்ல ஹெட்போன், அரங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடம், நாளையும் மணியையும் கட்டம் போட்ட ஒரு பெரிய தாள். செயலி இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்பார்கள். செயலி ஒவ்வொரு நாடகத்தையும் தனியாகத்தான் காட்டும். எது எதோடு மோதுகிறது என்பது மொத்த விழாவும் கண்முன் விரிந்து கிடந்தால்தான் தெரியும்.

இரண்டு எண்களையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்: மொத்தம் எவ்வளவு செலவு செய்யப்போகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை நாடகம். இரண்டாவதற்கு என் பதில் மூன்று, அதற்கு மேல் வேண்டாம். வசன நாடகமாக இருந்தால் நான்கு கூடத் தாங்கும். இசை நாடகத்தில் மெட்டு காதிலேயே தங்கிவிடுகிறது. நான்காவது நாடகத்தின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டாவது நாடகத்தின் பாட்டு உள்ளே ஓடும். புதிய இசையை ஒரே ஒரு தடவைதான் கேட்கப்போகிறோம். அதற்குக் காது காலியாக இருக்க வேண்டும்.

## 1. விழா எந்த வகை என்று பாருங்கள்

தேர்வுக் குழு உள்ள விழா ஒரு வகை, யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்ற திறந்த விழா இன்னொரு வகை. இது தெரியாமல் பட்டியலைப் படிக்கவே ஆரம்பிக்கக் கூடாது, ஏனென்றால் நீங்கள் எவ்வளவு வடிகட்ட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ஸ்காட்லாந்தில் நடக்கும் எடின்பரோ ஃப்ரிஞ்ச் திறந்த விழா. ஆகஸ்டில் 3,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கும், எல்லாவற்றுக்கும் பொதுவான தேர்வுக் குழு எதுவும் கிடையாது. அரங்கம் கிடைத்த குழு நாடகம் போடலாம். அங்கே அரங்கத்தை நடத்துபவர்கள்தான் முதல் சல்லடை. சில அரங்க நிறுவனங்கள் தாங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்த படைப்புகளைத்தான் ஏற்கும், சில வாடகை கொடுத்தால் இடம் தரும். உங்களுக்குப் பிடித்த நாடகம் ஒன்று எங்கே நடந்ததோ அதே அரங்க நிறுவனத்தின் மற்ற நிகழ்ச்சிகளையும் பார்ப்பது நல்ல தொடக்கம்.

நியூயார்க்கில் நேஷனல் அலையன்ஸ் ஃபார் மியூசிக்கல் தியேட்டர் என்ற அமைப்பு நடத்தும் புதிய இசை நாடக விழா இதற்கு நேர் எதிர். வந்து குவியும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து சுமார் எட்டு படைப்புகளைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் சுமார் 45 நிமிடப் பகுதியை மட்டும் நடித்துக் காட்டுவார்கள். அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தயாரிப்பாளர்களும் நாடக நிறுவனத்தாரும். இப்படிப்பட்ட விழாவில் அடிப்படைத் தரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, உங்கள் ரசனைக்கு எது என்று மட்டும் பார்த்தால் போதும். ஆனால் முழுக் கதையை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

## 2. எந்த வடிவத்தில் மேடையேறுகிறது?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் "வாசிப்பு", "கச்சேரி வடிவம்", "வொர்க்‌ஷாப்", "முழுத் தயாரிப்பு" என்று ஏதோ ஒன்று போட்டிருக்கும். அந்த ஒரு சொல்தான் மேடையில் நீங்கள் என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பதைச் சொல்கிறது.

வாசிப்பு என்றால் நடிகர்கள் ஸ்டாண்டுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். கையில் கோப்பு, பக்கத்தில் ஒரு பியானோ. உடை அவரவர் சொந்த உடை. "அவள் ஜன்னலைத் திறக்கிறாள்" என்று ஒருவர் மேடைக் குறிப்பைப் படிப்பார், ஜன்னல் இருக்காது. நியூயார்க்கில் இதற்கு "29 மணி நேர வாசிப்பு" என்ற வழக்கமே உண்டு. நடிகர் சங்க விதிகளின்படி ஒத்திகையும் நிகழ்ச்சியும் சேர்ந்து அவ்வளவு நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் ஒரு முழு நாடகத்தின் பாடல்களைக் கற்றுக்கொண்டு பாடுகிறார்கள் என்று தெரிந்தால், கோப்பைப் பார்த்துப் படிப்பது உங்களை உறுத்தாது. எழுத்தும் இசையும் எந்த மறைப்பும் இல்லாமல் கேட்கக் கிடைக்கிற இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமும் இதுதான். ஆனால் நடனமும் விளக்கும் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர் இதற்குப் போனால் ஏமாந்துதான் வருவார்.

கச்சேரி வடிவத்தில் பாடல்கள் வரும், இடையில் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுவார்கள். இசை பிடித்தவர்களுக்குச் சரி; கதை நிற்கிறதா இல்லையா என்பது இதில் தெரியவே தெரியாது. வொர்க்‌ஷாப்பில் அசைவுகள் இருக்கும், நடனம் கொஞ்சம் இருக்கும், செட் என்று பெரிதாக எதுவும் இருக்காது. முழுத் தயாரிப்பு என்று போட்டிருந்தாலும் திறந்த விழாவில் அது ஒரு மணி நேரத்தில் அடங்கும் சிறிய தயாரிப்பாகத்தான் இருக்கும்.

நீளத்தையும் இங்கேயே பாருங்கள். இரண்டரை மணி நேர நாடகத்தை 60 நிமிட இடத்துக்காக வெட்டியது வேறு, அந்த நேரத்துக்கென்றே எழுதியது வேறு. வெட்டியதில் யாரோ ஒரு பாத்திரம் திடீரென்று அழுவார், ஏன் என்று தெரியாது. "சிக்ஸ்" என்ற இசை நாடகம் 2017இல் கேம்பிரிட்ஜ் மாணவர்களின் படைப்பாக எடின்பரோவில் அறிமுகமானது. பிறகு நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வே வரை போனபோதும் இடைவேளை இல்லாமல் சுமார் 80 நிமிடத்தில் முடியும் வடிவத்தையே வைத்துக்கொண்டது. குறைந்த நேரத்துக்காக யோசித்து எழுதினால் அது குறையாகத் தெரியாது. குறிப்பில் "முழு நாடகத்தின் சுருக்கம்" என்றோ "முதல் பாகம் மட்டும்" என்றோ இருந்தால் அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

## 3. கதைச்சுருக்கத்தை மூன்று கேள்விகளால் வடிகட்டுங்கள்

யாருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? இவர்கள் ஏன் பாட வேண்டும்? ஒரு பத்தியைப் படித்ததும் முதல் இரண்டுக்காவது பதில் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் எழுதியவர்களுக்கே இன்னும் பதில் தெரியாமல் இருக்கும். "சிரிக்கவும் அழவும் வைக்கும்", "மறக்க முடியாத பயணம்" என்று அடைமொழிகள் மட்டும் வரிசையாக வந்தால் அதைக் கீழே தள்ளுங்கள். பிரபலமான இரண்டு படைப்புகளின் பெயரைச் சேர்த்து "இதுவும் அதுவும் கலந்தது" என்று சொல்லும் சுருக்கங்களும் அப்படித்தான்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் நுணுக்கமானது. பேசித் தீர்க்க முடியாத அளவுக்கு உணர்ச்சி முற்றும்போதுதான் இசை நாடகத்தில் பாட்டு வர வேண்டும். அப்படிப்பட்ட தருணத்துக்கு இந்தக் கதையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லும் கதைகளில் நிகழ்ச்சிகள் நிறைய இருக்கும், அந்தத் தருணம் இருக்காது.

விஷயம் பிடிக்கவில்லை, தலைப்பு விநோதமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ளிவிடாதீர்கள். "யூரின்டவுன்" என்ற தலைப்பில், காசு கொடுத்தால்தான் கழிப்பறை என்ற ஊரின் கதை 1999இல் நியூயார்க் ஃப்ரிஞ்ச் விழாவில் வந்தது. 2001இல் பிராட்வேக்குப் போய், அடுத்த ஆண்டு கதைவசனத்துக்கும் இசைக்கும் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது வாங்கியது. தலைப்பை வைத்து முடிவு செய்தவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள்.

## 4. மாதிரிப் பாடல்களைக் காது கொடுத்துக் கேளுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். மிச்சமிருக்கும் நாடகங்களின் டெமோக்களை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு நாடகம் போதும். சமைத்துக்கொண்டே, வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டால் மெட்டு மட்டும்தான் மனதில் பதியும், வரி பதியாது. அப்படிக் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் துள்ளலான தாளம் உள்ள எல்லா நாடகமும் பட்டியலில் ஏறிவிடும்.

முதல் தடவை சுருக்கத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பாடுவது யார், எந்த நிலையில் இருக்கிறார், என்ன கேட்கிறார் என்று பாட்டே சொல்கிறதா? உதாரணத்துக்கு, தம்பி கல்யாணத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று அக்கா பாடுகிறாள் என்று வையுங்கள். பாட்டின் தொடக்கத்தில் "போகமாட்டேன்" என்கிறாள். நடுவில் தம்பிக்குச் சின்ன வயதில் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தது ஞாபகம் வருகிறது. கடைசியில் "போகமாட்டேன்" என்றுதான் மறுபடியும் முடிக்கிறாள், ஆனால் அதற்குள் பெட்டியை அடுக்கி முடித்துவிட்டாள். இந்தப் பாட்டில் ஏதோ நடந்திருக்கிறது. இதே பாட்டு மூன்று சரணத்திலும் "எனக்கு வலிக்கிறது" என்று வெவ்வேறு சொற்களில் சொன்னால், மெட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் மேடையில் அது நான்கு நிமிடம் அசையாமல் நிற்கும்.

இரண்டாவது தடவை வரிகளை மட்டும் கவனியுங்கள். பேசும்போது எந்தச் சொல்லை அழுத்துவோமோ அந்தச் சொல்லில்தான் மெட்டும் ஏற வேண்டும். "நான் அங்கே போகவில்லை" என்பதில் அழுத்தம் "இல்லை" மேல் விழ வேண்டிய இடத்தில் மெட்டு "அங்கே" மேல் ஏறினால் அர்த்தமே மாறிவிடும். எதுகைக்காக யாரும் வாழ்க்கையில் பேசாத ஒரு சொல்லைக் கொண்டுவந்து நுழைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இப்படி ஒன்றிரண்டு வந்தால் மன்னிக்கலாம். மாதிரியாகக் கொடுத்த பாடல்களிலேயே அடிக்கடி வந்தால், கொடுக்காத பாடல்களில் இன்னும் அதிகமாக இருக்கும்.

மூன்றாவதாக, பாடல்கள் ஒன்றோடொன்று எப்படி இருக்கின்றன? குழு மூன்று பாடல் கொடுத்து மூன்றும் கண்ணீர்ப் பாட்டாக, மெதுவாகத் தொடங்கி உச்சத்தில் முடிவதாக இருந்தால் நாடகம் முழுக்க அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு நகைச்சுவைப் பாட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். அழவைக்கும் பாட்டுக்கு மெட்டும் குரலும் கைகொடுக்கும். சிரிக்கவைக்கும் பாட்டில் வரி துல்லியமாக இல்லாவிட்டால் எதுவும் காப்பாற்றாது. எழுதுபவரின் கை எப்படி என்று அதில்தான் தெளிவாகத் தெரியும்.

டெமோவின் ஒலித்தரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். கைபேசியில் பதிவு செய்த, பியானோ மட்டும் உள்ள டெமோ நல்ல எழுத்தாக இருக்கலாம். ஸ்டுடியோவில் முழு இசைக்குழுவோடு பதிவானது வெறும் பளபளப்பாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு வரிகளை உரைநடை போல வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

## 5. பெயர்களைப் பாருங்கள், ஆனால் சரியான பெயர்களை

இசை, பாடல் வரி, கதைவசனம் மூன்றும் மூன்று தனி வேலை. கதைவசனம் யாருடையது என்பதைத்தான் பலரும் பார்ப்பதே இல்லை. விழாக்களில் புதிய நாடகங்கள் சறுக்குவது அநேகமாக அங்கேதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கதை தொய்ந்துவிடும். மூன்றையும் ஒருவரே எழுதியிருந்தால், அவர் எழுத்தை வேறு யாராவது செதுக்கியிருக்கிறார்களா, ஏற்கெனவே ஏதாவது வொர்க்‌ஷாப்பில் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எங்கேயும் மேடையேறாத முதல் வடிவத்துக்கும், நான்கு வாசிப்புகளைத் தாண்டி வந்ததற்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

நடிகர் பெயரை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தேர்ந்த பாடகர் சுமாரான பாட்டைக்கூட அருமையாகப் பாடிவிடுவார், நீங்கள் நாடகம் நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு வருவீர்கள். அதோடு விழாக்களில் கடைசி நேரத்தில் நடிகர் மாறுவதும் சகஜம்.

## 6. பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

கட்டாயம், விருப்பம், காலியாக விடும் இடம். கட்டாயத்தில் நீங்கள் பார்க்கப்போகும் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. விருப்பத்தில் அதைப் போல இரண்டு மடங்கு பெயர்கள் இருக்கலாம், ஏனென்றால் நேரம் இடிக்கும்போது மாற்று வேண்டும். நான்கில் ஒரு இடத்தையாவது காலியாக விடுங்கள். விழா தொடங்கிய பிறகு காதில் விழும் பேச்சுக்கு அது.

கட்டாயப் பட்டியலில் வடிவங்களும் கலந்திருக்கட்டும். எல்லாமே வாசிப்பாக இருந்தால் மூன்றாம் நாள் கண்கள் சோர்ந்துபோகும்.

## 7. அட்டவணை: மிகக் குறைந்த காட்சிகள் உள்ளதை முதலில் பதியுங்கள்

தாளை எடுங்கள். எல்லாரும் மிகவும் பிடித்த நாடகத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். அது மூன்று வாரமும் தினம் நடக்கும் நாடகமாக இருந்தால் அதற்கு எங்கேயும் இடம் கிடைக்கும். இரண்டே காட்சிகள் உள்ள வாசிப்புக்குக் கிடைக்காது. ஆகவே கட்டாயப் பட்டியலில் ஒரே காட்சி, இரண்டு காட்சி உள்ளவற்றை முதலில் கட்டத்தில் எழுதி, அதற்கப்புறம் மற்றவற்றை இடைவெளிகளில் நிரப்புங்கள். நீண்ட நாள் ஓடும் நாடகங்களுக்கு நடுவில் ஒரு நாள் விடுமுறை இருக்கும், அதையும் தாளில் அடித்து வையுங்கள்.

இரண்டு நாடகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? ஒரே கட்டடம் என்றால் அரை மணி, வேறு இடம் என்றால் நடக்கும் நேரத்தோடு இன்னொரு அரை மணி. விழா அரங்குகளில் ஒரு குழு செட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குழு பொருட்களோடு வாசலில் நிற்கும். அதனால் நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள். தாமதமாக வந்தால் உள்ளே விடாத அரங்குகள் நிறைய. எடின்பரோ போன்ற மேடும் பள்ளமுமான ஊரில் வரைபடத்தில் காட்டும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். படிக்கட்டு ஏற்றம் அதில் தெரியாது.

எந்த நாள் காட்சிக்குப் போவது என்பதும் தேர்வில் ஒரு பகுதிதான். முதல் இரண்டு மூன்று நாட்கள் முன்னோட்டக் காட்சிகளாக இருக்கும், டிக்கெட் மலிவு, மைக் கரகரக்கும், விளக்கு தப்பான ஆளின் மேல் விழும். புதிய நாடகம் ஓட ஓட மாறும். பாட்டு இடம் மாறும், சில வசனங்கள் போய்விடும். இந்த மாற்றம் விழாவோடு நிற்பதும் இல்லை. "ஃபீலிங் எலெக்ட்ரிக்" என்ற பெயரில் 2005இல் நியூயார்க் இசை நாடக விழாவில் வந்த ஒரு நாடகம், நிறைய மாறி "நெக்ஸ்ட் டு நார்மல்" என்ற பெயரில் 2009இல் பிராட்வேக்குப் போய், 2010இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கியது. செதுக்கும் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசை என்றால் முதல் வாரம் போங்கள். நாடகம் நன்றாகப் படிந்த பிறகு பார்க்க வேண்டுமென்றால் விழாவின் நடுவில் வரும் வாரம் நல்லது. கடைசி இரண்டு நாட்களை நம்பி ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர் எடுத்த நாடகத்துக்கு அப்போது டிக்கெட் இருக்காது.

## 8. டிக்கெட்டும் இருக்கையும்

சின்ன அரங்கு, குறைந்த காட்சிகள், கட்டாயப் பட்டியல்: இந்த மூன்றும் சேர்ந்ததை உடனே வாங்குங்கள். பெரிய அரங்கில் பல நாள் ஓடுவதை விழா தொடங்கியபின் வாங்கலாம், அன்றன்றைக்குத் தள்ளுபடி கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

வரிகள் காதில் சரியாகப் பிடிபடாதவர்கள் வசனமும் பாடல் வரியும் திரையில் எழுத்தாக ஓடும் காட்சி எது என்று பாருங்கள். புதிய பாட்டில் ஒரு வரியை விட்டால் அடுத்த வரி புரியாது. இருக்கை எண் இல்லாத அரங்கு என்றால் முன்கூட்டியே வரிசையில் நின்று நடுப்பகுதியில் உட்காருங்கள். ஓரத்தில் ஸ்பீக்கருக்கோ டிரம்ஸுக்கோ பக்கத்தில் உட்கார்ந்தால் குரல் அமுங்கிவிடும்.

## 9. விழா நடக்கும்போது திருத்திக்கொண்டே இருங்கள்

வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் "எது நல்லா இருக்கு?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஏதாவது ஒன்றை நல்லா இருக்கு என்பார்கள். "எந்தப் பாட்டு ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். ஒருவர் வரியோடு முணுமுணுத்துக் காட்டினால் அந்த நாடகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "எங்கே மணி பார்த்தீங்க?" என்றும் கேட்கலாம், அதற்குத் தயங்காமல் பதில் வரும், கதை எங்கே தொய்கிறது என்று தெரிந்துவிடும்.

போஸ்டரின் மேல் புதிதாக ஒட்டிய நட்சத்திரங்களை நெருங்கிப் போய்ப் படியுங்கள். நட்சத்திரம் பெரிதாக இருக்கும், கொடுத்தவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அந்த விமர்சகர் வேறு எதற்கெல்லாம் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார் என்று பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். விமர்சனம் முன்னோட்டக் காட்சியைப் பார்த்து எழுதியதா என்பதையும் கவனியுங்கள், அதற்குப் பின் நாடகம் மாறியிருக்கலாம்.

ஒவ்வொரு நாடகமும் முடிந்து வெளியே வந்ததும் மூன்று வரி எழுதுங்கள்: ஞாபகத்தில் நிற்கும் பாட்டு, கவனம் சிதறிய இடம், குறிப்பில் போட்டிருந்த வடிவமும் பார்த்ததும் ஒன்றுதானா. அன்று இரவே இதை வைத்து அடுத்த இரண்டு நாள் பட்டியலைத் திருத்துங்கள். கச்சேரி வடிவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், விருப்பப் பட்டியலில் அந்த வடிவத்தில் உள்ளவற்றை எடுத்துவிட்டு, காலியாக விட்ட இடத்தில் வரிசையில் கேள்விப்பட்டதை எழுதுங்கள். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பித் தர முடியுமா என்று அரங்க கவுன்டரில் காலையிலேயே கேளுங்கள். முடியாது என்றால் போக முடிந்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். சின்ன அரங்கில் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால்கூட பாடுகிறவருக்குத் தெரியும்.